குழந்தைக்குச் செயல்முறை மருத்துவம் தேவையா? அறிகுறிகளை அறியும் முறை

'ஆக்குபேஷனல் தெரபி' எனப்படும் செயல்முறை மருத்துவத்தைத் தொழிற்பயிற்சி என்று கருதுவோர் பலர். குழந்தைக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்ற ஐயம் எழுவது இதனாலேயே. உண்பது, உடுத்துவது, விளையாடுவது, எழுதக் கற்பது ஆகியவையே குழந்தையின் அன்றாடத் தொழில்கள். இவற்றை வயதுக்கேற்பச் செய்ய இயலாத குழந்தைக்குப் பயிற்சியாலும், சூழ்நிலையிலும் பயன்படுத்தும் பொருள்களிலும் செய்யும் மாற்றங்களாலும் துணைபுரிவதே இம்மருத்துவத்தின் நோக்கம். நம் நாட்டிற்கு இத்துறை புதியதன்று. 1950-ஆம் ஆண்டிலேயே, கமலா நிம்ப்கரின் முயற்சியால், அன்றைய பம்பாயின் கே.இ.எம். மருத்துவமனையில் இதற்கான பயிற்சிப் பள்ளி தொடங்கப்பெற்றது.

தொடக்க ஆண்டுகளில் காணும் அறிகுறிகள்

இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளின் குழந்தைகளை ஆராய்ந்து உலகச் சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட அளவீடுகள் இங்குப் பயன்படுவன. அவற்றின்படி, நலமுடைய குழந்தைகளுள் ஏறத்தாழ அனைவருமே 9.2 மாதங்களுக்குள் பிடிமானமின்றி உட்காருகின்றனர், 17.6 மாதங்களுக்குள் தனியே நடக்கின்றனர். இவ்வெல்லையைக் கடந்த குழந்தையைப் பரிசோதனைக்கு அனுப்புதல் வேண்டும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு, பேறு எதிர்பார்க்கப்பட்ட நாளிலிருந்து வயதைக் கணக்கிட வேண்டும்.

கைகளின் இயக்கம் தனிக் கவனத்திற்குரியது. நான்கு மாதங்களுக்குப் பின்னும் கைகள் எப்போதும் மூடியே இருத்தல், ஓராண்டு நிறையுமுன் ஒரு கையை மட்டுமே பயன்படுத்துதல், ஓராண்டு கடந்தும் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் சிறு பொருளை எடுக்க இயலாமை ஆகியன எச்சரிக்கைகளாம். உண்ணும்போது திட உணவை மெல்ல முடியாமல் அடிக்கடி குமட்டுதல், குளிப்பாட்டும்போதும் முடி வெட்டும்போதும் அடக்க முடியாத அளவு கலங்குதல் போன்றவையும் நோக்கத்தக்கன.

பள்ளியில் காணும் அறிகுறிகள்

வாய்மொழியாக நன்கு விடையளிக்கும் மாணவன் எழுத்துவேலையை முடிப்பதில்லை. பென்சிலை மிக அழுத்திப் பிடித்து, சில நிமிடங்களிலேயே கை சோர்ந்து விடுகிறான். உடன் பயிலும் பிள்ளைகள் தாமே பொத்தான் போட்டுக்கொள்ள, அவன் பிறர் உதவியை நாடுகிறான். விளையாட்டில் அடிக்கடி இடறி விழுவதால் ஒதுங்கி நிற்கிறான். இத்தகைய மாணவன் சோம்பேறி என்று பெயர் பெறுகிறான், தண்டனையும் பெறுகிறான். செய்ய மறுப்பதற்கும் செய்ய இயலாமைக்கும் உள்ள வேறுபாட்டை ஆசிரியர் உணராவிடில், உரிய பயிற்சியால் நீங்கக்கூடிய இடர்ப்பாடு, படிப்பையே கைவிடுவதற்குக் காரணமாகிவிடலாம்.

முடிவுக்கு வருமுன்

ஓர் அறிகுறியை மட்டும் கொண்டு முடிவு செய்தல் தவறு. எந்நாளும் ஊட்டியே வளர்க்கப்பட்ட குழந்தை தானே உண்ணத் தெரியாதிருப்பது, வாய்ப்பின்மையால் விளைந்ததாக இருக்கலாம். பார்வை, செவித்திறன், ஊட்டச்சத்து நிலை ஆகியவற்றையும் சோதித்தல் வேண்டும். மூன்று கேள்விகள் இங்கு உதவும். இடர்ப்பாடு வீடு, பள்ளி ஆகிய இரண்டிலும் காணப்படுகிறதா? போதிய வாய்ப்பளித்த பின்னும் நீடிக்கிறதா? அன்றாடச் செயல்களுக்குத் தடையாக உள்ளதா? மூன்றிற்கும் 'ஆம்' என்பது விடையாயின், வல்லுநரை நாடுவதே முறை. முன்பு கற்ற சொல்லையோ செயலையோ குழந்தை இழந்துவிடின், இக்கேள்விகளுக்கும் காத்திராது உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

நிருவாகத்தின் பொறுப்பு

2013-இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத்திட்டம் பிறப்பு முதல் 18 வயது வரை உள்ளோரை உள்ளடக்கியது. நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இருமுறையும், அரசுப் பள்ளி மாணவரை ஒருமுறையும் பரிசோதிக்க இத்திட்டம் வகைசெய்கிறது. வளர்ச்சித் தாமதம் ஐயுறப்படும் குழந்தைகள் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்திற்கு அனுப்பப்படுகின்றனர்.

ஆயினும், பரிந்துரைச் சீட்டே சிகிச்சையாகிவிடாது. செயல்முறை மருத்துவம் பலமுறை தொடர்ந்து பெறவேண்டிய பயிற்சியாகும். மாவட்டத் தலைநகருக்குச் செல்லும் ஒவ்வொரு முறையும் கூலித் தொழிலாளியான தாய் ஒருநாள் ஊதியத்தை இழக்கிறாள். பேருந்துக் கட்டணமும் சேர்கிறது. எனவே, பரிசோதிக்கப்பட்டோரின் எண்ணிக்கையோடு, மையத்தை அடைந்தோர் எத்தனை பேர், பயிற்சியைத் தொடர்ந்தோர் எத்தனை பேர் என்பதையும் அலுவலர் கணக்கிடல் வேண்டும். வீட்டிலேயே செய்யத்தக்க பயிற்சிகளைத் தாய்க்குக் கற்பித்தனுப்புவது இச்செலவைக் குறைக்கும்.

'போகப் போகச் சரியாகிவிடும்' என்று காத்திருப்பதில் கழியும் மாதங்கள், மூளை மிக விரைவாக வளரும் மாதங்களாகும். பரிசோதித்துக் குறையில்லை என அறிவதால் இழப்பு சிறிதே. காலம் கடந்து குறையை அறிவதால் நேரும் இழப்போ பெரிது.