கணனிப் பாடம்: பட்டியலிலிருந்து பலவற்றை நீக்குதல்

யாருக்கு விதை, யாருக்கு உலருணவு, யாருக்குக் கிணறு என்பதை இன்று பெரும்பாலும் கணனியிலுள்ள ஒரு பட்டியலே சொல்கிறது. ஆகவே கணனி படிக்கும் பிள்ளைகளோடு பெற்றோரும் கூடவிருந்து இப்பாடத்தை வாசிப்பது நன்று.

பைதன் என்பது 1991இல் வெளிவந்த ஒரு கணனி மொழி. அதில், வாங்கவேண்டிய விதைகளின் பட்டியலொன்றை எழுதுவோம்: குரக்கன், உளுந்து, பயறு, எள்ளு, கச்சான், கௌபி. கணனி பூச்சியத்திலிருந்தே எண்ணத் தொடங்கும். எனவே குரக்கன் 0, உளுந்து 1, பயறு 2, எள்ளு 3, கச்சான் 4, கௌபி 5.

உளுந்தும் எள்ளும் கிடைத்துவிட்டன, அவ்விரண்டையும் நீக்கவேண்டும். முதலில் 1ஐ நீக்கு, பிறகு 3ஐ நீக்கு என்று எழுதினால் போதும் என்றுதான் நாம் நினைப்போம். அங்கேதான் பிழை வருகிறது. சங்கக்கடை வரிசையை நினைத்துப் பாருங்கள். ஒருவர் இடையில் விலகினால் பின்னால் நிற்பவர்கள் எல்லோரும் ஓரடி முன்னே வருவார்கள். அதுபோல உளுந்து போனதும் பயறு 1, எள்ளு 2, கச்சான் 3 ஆகிவிடும். இரண்டாவது கட்டளை கச்சானை அழிக்கும். எள்ளு அப்படியே நிற்கும். அந்தப் போகம் கச்சான் போட இருந்தவர் வெறுங்கையோடு நிற்பார்.

இதில் கவலைக்குரியது, கணனி ஒரு முறைப்பாடும் சொல்லாது என்பதே. மீதியை எண்ணிப் பார்த்தாலும் 4 தான். சரியாகச் செய்திருந்தாலும் 4 தான். எண்ணிக்கை சரியாயிருப்பதை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது.

இதற்கு ஒரு வழி, பெரிய இலக்கத்திலிருந்து தொடங்குவது. முதலில் 3, பிறகு 1. பின்னால் உள்ளது போனால் முன்னால் நிற்பவை அசையா.

மற்ற வழியே எமக்குப் பிடித்தது. விதைக் கச்சான் தெரியும்போது நல்லவற்றை வேறொரு சுளகில் எடுத்துப் போடுகிறோம் அல்லவா? அப்படியே, பழைய பட்டியலில் ஒவ்வொன்றாகப் பார்த்து, இருக்கவேண்டியவற்றை மட்டும் புதிய பட்டியலில் சேர்க்கலாம். பைதனில் இதை ஒரே வரியில் எழுதலாம்; ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் இதற்கென்றே 'ஃபில்ட்டர்' என்ற கட்டளை உண்டு. பழைய பட்டியல் சேதப்படாமல் இருப்பதால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

குடும்பங்களின் பட்டியலானால் இன்னொரு கவனம் வேண்டும். ஒரே பெயரில் இரண்டு குடும்பங்கள் இருக்கலாம். பெயரைக் கொண்டு வடித்தால் இரண்டும் போய்விடும். குடும்ப அட்டை இலக்கத்தைக் கொண்டே நீக்கவேண்டும். நீக்கப்பட்ட பெயர்களைத் தனியே அச்சிட்டு, பழைய பட்டியலை அழிக்கும் முன்னரே கூட்டத்தில் உரத்து வாசிக்கச் சொல்லுங்கள்.