பனியில் மூன்று நிமிடம்

எட்டாம் வகுப்பில் தொலைவு, காலம், வேகம் நடத்தும்போது ரயிலையும் பேருந்தையும் விட்டுவிட்டு, இந்த முறை பின்லாந்தின் பனிச்சறுக்கு வீராங்கனை ஒருவரை எடுத்துக்கொண்டேன். பெயர் பிர்யோ மன்னினென். பிற்காலப் பதக்கப் பட்டியல்களில் இவரே பிர்யோ முரனென். தேடப்போகும் மாணவர்களிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் இருவர் என்று எண்ணிக்கொள்வார்கள்.

பனிச்சறுக்கு என்றாலே மலையிலிருந்து இறங்குவது என்று குழந்தைகள் நினைக்கிறார்கள். இது வேறு. ஏற்றமும் இறக்கமும் சமதளமும் கலந்த பாதையில், இரு கைக்கோல்களை ஊன்றித் தள்ளி, சொந்த பலத்தில் முன்னேற வேண்டும். 50 கிலோமீட்டர்ப் போட்டிகளும் உண்டு. இதன் குறுந்தொலைவு வடிவமான ஸ்பிரிண்ட் 1 முதல் 1.8 கிலோமீட்டர்தான், ஏறத்தாழ மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும்.

இன்றைய விதிப்படி, தகுதிச்சுற்றில் குறைந்த நேரம் எடுத்த 30 பேர் தேர்வாவர். ஆறு ஆறு பேராக ஐந்து காலிறுதிகள். ஒவ்வொன்றிலும் முதல் இருவர். மற்றவர்களுள் நல்ல நேரம் எடுத்த இருவர். ஆக 12 பேர். இரண்டு அரையிறுதிகளிலும் அதே கணக்கு. இறுதிக்கு 6 பேர். வெல்பவர் ஒரே நாளில் எத்தனை முறை ஓடுகிறார் என்று கேளுங்கள். "மூன்று" என்றுதான் முதலில் குரல் வரும். தகுதிச்சுற்றை விட்டுவிடுவார்கள்!

1.5 கிலோமீட்டரை 3 நிமிடத்தில் கடந்தால் மணிக்கு 30 கிலோமீட்டர். அந்த வேகத்தில் 0.1 வினாடி முந்துவது என்றால் சுமார் 83 சென்டிமீட்டர். அதைத் தரையில் சாக்பீஸால் வரையச் சொன்னேன். தசமப்புள்ளிக்கு அப்புறம் வரும் எண்ணை அதுவரை பொருட்படுத்தாதவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

உலகப் பனிச்சறுக்குப் போட்டியில் ஸ்பிரிண்ட் முதன்முதலாக இடம்பெற்றது 2001இல், பின்லாந்தின் லாத்தி நகரில். மகளிர் தங்கம் 19 வயது மன்னினெனுக்கு. வடக்கே ரோவனியெமியில் பிறந்தவர். சொந்த நாட்டில் கிடைத்த அந்த வெற்றியை ஊக்கமருந்துச் செய்தி மூடிவிட்டது. பின்லாந்து அணியில் ஆறு பேர் பிடிபட்டனர். ஆண்கள் தொடரோட்டத் தங்கமும் பறிபோனது. அந்த ஆறு பேரில் மன்னினென் இல்லை.

அவர்கள் பயன்படுத்திய ஹைட்ராக்ஸிஎத்தில் ஸ்டார்ச் இரத்தத்தின் நீர்ப்பகுதியைப் பெருக்கும். ஹீமோகுளோபின் அளவு அப்படியே இருக்க, அதன் செறிவு மட்டும் குறைந்து காட்டும். நன்னாரி சர்பத்தில் தண்ணீர் ஊற்றிக் காட்டினேன்: நிறம் வெளுக்கிறது, சர்க்கரை எங்கும் போகவில்லை. அறிவியல் ஆசிரியர் இதை இன்னும் நன்றாகச் செய்வார்.

பிடிபட்டவர்களில் ஒருவர் விர்ப்பி குயித்துனென். இரண்டு ஆண்டுத் தடை முடிந்து திரும்பிவந்தார். 2009இல் செக் நாட்டின் லிபெரெட்ஸில் பின்லாந்து மகளிர் 4×5 கிலோமீட்டர் தொடரோட்டத் தங்கத்தை வென்றது. முதல் 5 கிலோமீட்டர் முரனெனுடையது, அடுத்தது குயித்துனெனுடையது.

இங்கே நிறுத்தி, "நீங்கள் முரனென் என்றால் அவரோடு ஓடுவீர்களா?" என்று கேட்டேன். தண்டனை முடிந்தால் கணக்குத் தீர்ந்தது என்றனர் சிலர். "2001இல் ஏமாற்றாமல் தோற்றவர்களுக்கு யார் கணக்குத் தீர்ப்பது?" என்றாள் ஒரு மாணவி. நான் பதில் சொல்லவில்லை. நீங்களும் அவசரப்பட்டுச் சொல்ல வேண்டாம். இந்தப் பகுதிக்குத் தனிப் பாடவேளை ஒதுக்குங்கள். மறு ஆண்டு வான்கூவர் ஒலிம்பிக்கில் அதே நால்வர் வெண்கலம் வென்ற செய்தியை விவாதம் முடிந்த பின் சொல்லலாம்.