சைவ ஆகாரமும் சங்கத்துக்கு ஊற்றும் பாலும்

மாமிசம் புசியாத குடும்பங்களுக்குத் தேகபலம் குறையுமோ என்று சங்க அங்கத்தினர் சிலர் ஐயுறுவதுண்டு. குறைய வேண்டியதில்லை. ஆனால் வெள்ளைச் சோறும் ரசமும் மோருமே சைவ ஆகாரம் என்று ஆகிவிட்டால், பலம் நிச்சயமாகக் குறையும்.

நமக்கு அருகிலுள்ள குன்னூரிலேயே இது சோதித்து அறியப்பட்டது. அங்கு ஆராய்ச்சி நடத்திய ராபர்ட் மக்காரிசன் 1920-களில் இந்தியாவின் பல பிரதேசத்தாருடைய உணவுகளை எலிகளுக்குத் தனித்தனியே ஊட்டினார். சீக்கியர் உணவை உண்ட எலிகள் செழித்தன. அதில் எப்போதாவது சிறிது மாமிசம் இருந்தது மெய்யே. ஆயினும் நாள்தோறும் கிடைத்தவை முழுக்கோதுமை, பால், பருப்பு, காய்கறிகள். சென்னை மாகாணத்து அரிசியுணவை உண்டவையோ கடைசி வரிசையில் நின்றன.

சிங்காநல்லூர் 1981-இல் கோயம்புத்தூர் மாநகராட்சியோடு சேர்ந்தது. அதற்கு அப்பாலுள்ள ஊர்களின் பெரியோர், கம்மஞ்சோறும் சோளச்சோறும் ராகிக் களியும் உண்டு, கொள்ளையோ பச்சைப்பயற்றையோ கடைந்து கூட்டிக்கொண்ட காலத்தை இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அது ஏழைமையின் உணவென்று பின்னர் ஒதுக்கப்பட்டது. என் கருத்தில் அது பெரும் நஷ்டம். தானியத்தின் புரதத்தில் குறைவாயுள்ள லைசின் என்னும் பகுதி பயறுகளில் மிகுதியாயிருப்பதால், இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. 100 கிராம் ராகியில் சுண்ணாம்புச் சத்து ஏறக்குறைய 350 மில்லிகிராம். தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம்கூட இராது.

கம்பிலும் கீரைகளிலும் உள்ள இரும்புச் சத்து உடலில் எளிதில் சேர்வதில்லை. உணவோடு எலுமிச்சஞ்சாறோ நெல்லிக்காயோ கொய்யாவோ இருப்பின் கூடுதலாகச் சேரும்; சாப்பிட்டவுடன் தேநீர் குடித்தால் குறையும். பெண்மக்கள் இதைச் சிறப்பாகக் கவனிக்கவேண்டும். முருங்கைக்கீரைக்குச் சந்தைக்குப் போகவேண்டியதில்லை. வேலியோரத்து மரம் போதும்.

இனி, பயறும் கீரையும் எவ்வளவு உண்டாலும் தீராத குறை ஒன்று உண்டு. 1948-இல் பிரித்தெடுக்கப்பட்ட பி-12 என்னும் வைட்டமின் தாவர உணவுகளில் நம்பத்தக்க அளவில் இல்லை. மாமிசமும் முட்டையும் கொள்ளாதவருக்குப் பாலும் தயிருமே அதற்கு வழி. ஈரலில் சேமிப்பு இருப்பதால் குறை பல ஆண்டுகள் வெளித்தோன்றாமல் இருக்கும். பிறகு சோர்வு, நாக்கில் புண், கைகால் மரமரப்பு என்று காணும். தாய்க்குக் குறைந்தால் முலைப்பாலிலும் குறைந்து, குழந்தையின் வளர்ச்சி கெடும்.

நம் அங்கத்தினர் வீடுகளில் நடப்பது என்ன? விடியலில் கறந்த பால் முழுவதும் சங்கத்துக் கேனுக்குப் போகிறது. மாடு வைத்திருக்கும் வீட்டில் காப்பிக்கு மட்டும் அரை டம்ளர் தங்குகிறது. தீவனக் கடனும் மாட்டுக் கடனும் பால் பணத்தில் கழிவதால் இப்படி நேர்வதை அறிவோம், குறை கூறவில்லை. எனினும் ஐதராபாத்துத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 300 மில்லிலிட்டர் பால் அல்லது தயிர் வேண்டுமென்கிறது. நான்கு பேருள்ள வீட்டிற்கு இது ஒன்றேகால் லிட்டருக்குள் அடங்கும். அதை மாலைக் கறவையில் முதலில் எடுத்து உறையூற்றிவிட்டு, மீதியைச் சங்கத்திற்கு அனுப்பலாம். மாடு வற்றியிருக்கும் மாதங்களில் சங்கத்திலேயே பால் வாங்கி, அதன் விலையைக் கணக்கில் கழித்துக்கொள்ள முடியுமா என்று காரியதரிசியைக் கேட்டறியவும். மரமரப்புக் கண்டவர்கள் பாலை மட்டும் நம்பியிராமல் வைத்தியரிடம் இரத்தத்தைச் சோதித்துக்கொள்ளவேண்டும். மாத்திரையாலோ ஊசியாலோ இக்குறை தீரும்.