துருவைக் கழற்றும் மின்சாரம்

மாணவர்களே, பழைய டட்சன் 240 இசட் காரை வீட்டில் புதுப்பிப்பவர்கள் முதலில் தேடுவது துருவைத்தான். 1969இல் ஜப்பானின் நிசான் அறிமுகப்படுத்திய இந்தக் காருக்குத் தனிச் சட்டகம் இல்லை; மெல்லிய எஃகு உடலே பாரத்தைத் தாங்குகிறது. துருவோடு விட்டுவிட்டு வலுவான இஞ்சினைப் பொருத்தினால் உடலே முறுக்கிக்கொள்ளக்கூடும்.

கழற்றக்கூடிய சிறு பாகங்களுக்கு, நீங்கள் வகுப்பில் படிக்கும் மின்பகுப்பே கைகொடுக்கிறது. சலவைச் சோடா கரைத்த நீரில் பாகத்தை மூழ்கவைத்து, 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையை அதில் இணைப்பார்கள். நேர்முனை, பாகத்தைத் தொடாமல் தள்ளி நிற்கும் ஒரு பழைய இரும்புத் துண்டுக்கு. பாகத்தின்மேல் எழும் ஹைட்ரஜன் குமிழ்கள் துருவைத் தளர்த்தும். ஒரு பகுதி கறுப்பாக மாறும். பிறகு தூரிகையால் தேய்த்தால் போதும். முனைகளை மாற்றி இணைத்தாலோ, கடையில் கிடைக்காத அந்தப் பாகமே அரித்துப்போகும்!

இரும்புக்குப் பதில் எவர்சில்வர் கரண்டி போடலாமா? கூடவே கூடாது. அதிலுள்ள குரோமியம் நச்சாக நீரில் கலந்துவிடும். ஹைட்ரஜன் தீப்பற்றும் என்பதால் திறந்த வெளியில், பெரியவர் துணையோடுதான் செய்ய வேண்டும். சுருள்வில்லையும் இதில் போடாதீர்கள். கடின எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்தால் அது எளிதில் முறியும்.

துரு நீங்கிய இரும்பு, நம் ஊர் போன்ற ஈரக்காற்றில் சில மணி நேரத்திலேயே மறுபடி துருப்பிடிக்கத் தொடங்கும். கழுவி உலர்த்தி, அன்றே பிரைமர் பூசிவிட வேண்டும்.