இறப்பேடு காட்டும் வழி

கண்ணுக்குத் தெரியாத ஒரு வைரஸ் எந்த வழியாக வந்தது என்பதைப் பல ஆண்டுகள் கழித்தும் அறிய முடியுமா? முடியும். அதற்கு உதவுவது ஊர்தோறும் எழுதப்பட்ட இறப்புப் பதிவேடே ஆகும்.

முதல் உலகப் போரின் இறுதி ஆண்டான 1918இல், ஜூன் மாதம், பம்பாய்த் துறைமுகத்தில் காவல் புரிந்த 7 போலீஸ்காரர்கள் காய்ச்சலால் மருத்துவமனையில் சேர்ந்தனர். இதுவே இன்ஃபுளூயன்சா என்னும் விஷக் காய்ச்சல். செப்டம்பரில் அது கொடிய வடிவில் மீண்டும் எழுந்தது. அக்டோபர் 6ஆம் நாள் பம்பாய் நகரில் மட்டும் 768 பேர் இறந்தனர். இந்த வைரஸ் இனத்தை மனிதரிடமிருந்து பிரித்தெடுத்ததோ 1933இல்தான். ஆகவே அன்று சோதனை செய்து அறிய வழியில்லை.

அக்காலத்தில் நம் கள்ளக்குறிச்சிப் பகுதி தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. சென்னை மாகாணக் கிராமங்களில் பிறப்பு, இறப்புகளைக் கிராம முன்சீப் எழுதி வந்தார். காரணம் என்ற இடத்தில் பெரும்பாலும் "காய்ச்சல்" என்றே இருக்கும். ஆகையால் காரணத்தை விட்டு எண்ணிக்கையை நோக்க வேண்டும்.

கணக்கு எளிது. ஒரு வட்டத்தில் வழக்கமாக வாரத்துக்கு 40 பேர் இறப்பதாகக் கொள்வோம். ஒரு வாரத்தில் 150 பேர் இறந்தால், கூடுதல் இறப்பு 110. இக்கூடுதல் தொடங்கிய வாரத்தை ஒவ்வொரு மாவட்டமாகப் படத்தில் குறித்தால் நோய் நடந்த பாதை தெரியும். ஆனால் இறப்பு கடைசியில் தெரியும் அடையாளம். நோய் அதற்குச் சில நாட்கள் முன்பே நுழைந்திருக்கும் என்பதை மறக்கலாகாது.

சித்தார்த் சந்திராவும் உடன் ஆய்வாளரும் 213 மாவட்டங்களின் வாராந்தர இறப்பை இவ்வாறு ஆராய்ந்து 2014இல் வெளியிட்டனர். நாட்கள் செல்லச் செல்ல நோயின் வேகமும் கொடுமையும் தணிந்தன. அது ஓரிடத்தில் தங்கும் காலமோ நீண்டது என்று கண்டனர்.

இம்முறைக்கு ஒரு குறையும் உண்டு. 1919இல் அரசு மதிப்பிட்ட இறப்பு சுமார் 60 லட்சம். பின்வந்த அறிஞர்கள் 1 கோடி முதல் 2 கோடி வரை என்கின்றனர். ஏனெனில், எழுத வேண்டியவர்களே பலர் நோயில் படுத்துவிட்டனர். 1911க்கும் 1921க்கும் இடையே இந்திய மக்கள்தொகை குறைந்தது என்பதும் இதற்குச் சான்று.

எழுதப்படாத இறப்பு கணக்கில் சேராது. கல்வராயன் மலைச் சிற்றூரில் மறையும் பாட்டியும், பெயரிடுமுன் இறக்கும் குழந்தையும் ஏட்டில் இடம்பெற வேண்டும். 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 நாட்களுக்குள் பதிவு செய்தல் நம் கடமை. அடுத்த நோய் வரும்போது முதலில் எச்சரிப்பது அந்த ஒரு வரியாகவே இருக்கலாம்.