குளிர்பெட்டி இல்லாத எங்கள் அடுப்படி

போன மார்கழி மழையில் எங்கள் உளுந்து நெற்று செடியிலேயே முளைவிட்டுப் போனது. அதே மாதம் வீட்டு ஃபிரிட்ஜும் படுத்துவிட்டது. பழுது பார்க்க வந்தவர் 6,500 ரூபாய் கேட்டார். கையில் காசு இல்லை. அதோடு, ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளுக்குப் பள்ளியில் ரத்தம் சோதித்ததில் ஹீமோகுளோபின் 8.7 என்று எழுதிக் கொடுத்தார்கள்.

டாக்டர் மாத்திரை எழுதிவிட்டு, "வீட்ல என்னம்மா சாப்பிடுறீங்க?" என்று கேட்டார். இட்லி, தோசை, வெள்ளைச் சோறு, முந்தாநாள் சாம்பார். இதைச் சொல்ல எனக்கு நாக்கு கூசியது. எட்டு வருடமாக மருந்தடிக்காமல் வெள்ளாமை செய்கிறோம். கம்பும் துவரையும் நயமாக விளைகிறது. எல்லாம் மூட்டை கட்டி வண்டியேறிவிடும். எங்கள் பானையில் வேகுவது ரேஷன் அரிசியும் கடைப் பருப்பும்தான்.

அன்றிலிருந்து அடுப்படியை மாற்றினோம். கரிசல் காட்டு மானாவாரிக் குடும்பம், ஐந்து பேர், ஃபிரிட்ஜ் கிடையாது, காசும் குறைவு. இந்த நிலையில் நாங்கள் செய்ததை எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. ஆளுக்கு ஒரு நாளைக்கு 30 கிராம் பருப்பு என்று வைத்தாலே, ஐந்து பேருக்கு வருடத்துக்கு 55 கிலோ வேண்டும். அறுத்த கையோடு அதை எடுத்து வைத்த பிறகுதான் வியாபாரிக்கு எடை போட வேண்டும். நாங்கள் முழுத் துவரையை மலிவாக விற்றுவிட்டு, அதையே பருப்பாக விலை கூட்டி வாங்கிக்கொண்டிருந்தோம். இந்த முட்டாள்தனத்துக்கு யாரைக் குறை சொல்வது?

எடுத்து வைத்தால் வண்டு விழுமே என்பீர்கள். விழும்தான். துவரையைக் கடித்தால் 'டக்'கென்று உடையும் அளவுக்குக் காயப்போடுங்கள். பிறகு கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி விளக்கெண்ணெய் விட்டுப் பிசறி, மூடி போட்ட பானையில் வையுங்கள். உடைத்துப் பருப்பாக்குவதற்கு என் மாமியார் செம்மண் கட்டுவார். இரவு ஊறவைத்து, செம்மண் குழம்பில் புரட்டி, மூன்று நாள் வெயிலில் காயவைத்து, சலித்துத் திருகையில் உடைப்பது. அந்தப் பருப்பின் ருசி கடைப் பருப்பில் வராது. கம்பை முழுத் தானியமாகவே வையுங்கள். மாவாக்கினால் ஒரு வாரத்திலேயே காறல் வாடை வந்துவிடும். இரண்டு மூன்று நாளைக்கு வேண்டியதை மட்டும் அரைத்துக்கொள்கிறோம்.

அடுத்தது பழைய சோறு. ஃபிரிட்ஜ் இருந்தவரை மிஞ்சிய சோறு டப்பாவுக்குள் போய், மூன்றாம் நாள் மாட்டுக் கழுநீர்ப் பானைக்குப் போகும். இப்போது இரவே மண்சட்டியில் தண்ணீர் ஊற்றி வைத்துவிடுகிறோம். கம்மஞ்சோறு என்றால் உருண்டை பிடித்துத் தண்ணீரில் போடுவது. காலையில் மோர் ஊற்றிக் கரைத்து, சின்ன வெங்காயத்தோடு குடித்துவிட்டுத்தான் காட்டுக்கு இறங்குகிறோம். இதில் ஒரு எச்சரிக்கை. காலையில் வடித்த சோற்றைத் தண்ணீர் ஊற்றாமல் இரவு வரை வெதுவெதுப்பில் வைத்து, திரும்பச் சுடவைத்துச் சாப்பிடாதீர்கள். அதில் வளரும் ஒருவகைக் கிருமி விடும் நஞ்சு சூட்டில் அழியாது. வாந்தி பிடுங்கிவிடும். நீராகாரத்தையும் மதியத்துக்கு மேல் வைப்பதில்லை.

காய்கறியில்தான் அதிகம் கற்றுக்கொண்டோம். முன்பு வாரச் சந்தையில் 600 ரூபாய்க்கு அள்ளிக்கொண்டு வருவேன். பாதி உள்ளேயே அழுகும். இப்போது 250 ரூபாயைத் தாண்டுவதில்லை. வெண்டையும் சந்தைக் கீரையும் முதல் நாளே அடுப்பேறிவிடும். கத்தரி, அவரை அடுத்த மூன்று நாள். வாரக் கடைசிக்குச் சேனை, பரங்கி. காம்பு ஒடியாத பரங்கிக்காய் பரணில் மாதக்கணக்கில் கிடக்கும். மரவள்ளியை மட்டும் பிடுங்கி வைக்காதீர்கள், இரண்டு மூன்று நாளில் கறுத்துவிடும். வேண்டும்போது ஒரு செடி பிடுங்கினால் போதும், மிச்சம் மண்ணுக்குள்ளேயே இருக்கட்டும்.

குளிக்கிற தண்ணீர் ஓடும் இடத்தில் தண்டுக்கீரையும் மணத்தக்காளியும் போட்டிருக்கிறோம். முருங்கை வாசலிலேயே நிற்கிறது. இத்தனை வருடம் காயைப் பறித்தோமே ஒழிய, கீரையை ஆடு தின்றது! இப்போது வாரம் மூன்று நாள் முருங்கைக்கீரை, கம்பு அடையிலோ பருப்பிலோ சேர்ந்துவிடும். வெள்ளை அரிசியைப் போல் பல மடங்கு இரும்புச்சத்து கம்பில் இருக்கிறது. ஆனால் தின்றால் மட்டும் போதாது, உடம்பில் சேர வேண்டும். அதற்குக் கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ வேண்டும். தை, மாசியில் மலிவாகக் கிடைக்கும் நெல்லியை உப்புநீர் ஜாடியில் போட்டு வைத்தேன். சாப்பிட்டதும் டீ குடிக்கிற பழக்கத்தை விட்டோம், அது இரும்பைச் சேரவிடாது. என் வீட்டுக்காரருக்கு அதுதான் பெரிய தண்டனை.

தக்காளிக்கும் கீரைக்கும் ஒரு பானைக் கூடம் செய்தோம். பெரிய பானைக்குள் சின்னப் பானை, இடையில் ஆற்று மணல். மணலை நனைத்து, மேலே ஈரச் சாக்கு. தண்ணீர் ஆவியாகும்போது உள்ளே குளிரும். நைஜீரியாவில் முகமது பா அப்பா என்ற ஆசிரியர் இதே பானையைக் கிராமங்களில் பரப்பி, 2000இல் ரோலக்ஸ் விருது வாங்கினார். காலையில் பறித்த கீரை மறுநாள் மதியம் வரை வாடுவதில்லை. தயிர்ச் சட்டியும் அதற்குள்தான். நிழலில், காற்று வரும் இடத்தில் வைக்க வேண்டும். சித்திரை வெயிலில் அருமையாக வேலை செய்கிறது, ஐப்பசி ஈரக்காற்றில் சும்மா உட்கார்ந்திருக்கும். மழைக்காலத்தை நம்பி யாரும் செய்ய வேண்டாம்.

மழைக்கு வற்றல் இருக்கிறது. பங்குனி வெயிலில் கொத்தவரை, சுண்டை, மோர்மிளகாய் மூன்றும் பனைநார்ப் பெட்டி நிறையக் காய்ந்தன. கறி எடுத்தால் அன்றைக்கு ஆக்குகிற அளவுதான். மற்றபடி கருவாடு, வெந்நீரில் இரண்டு முறை அலசினால் உப்பு குறையும், ஆனாலும் ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் தொடாமல் இருப்பது நல்லது. நாட்டுக்கோழி முட்டையைக் கழுவாமல் கொட்டானில் வைத்தால் ஒரு வாரம் தாராளமாகத் தாங்கும். தண்ணீரில் மிதந்தால் தூக்கிப் போடுங்கள்.

எல்லாம் சுளுவாக நடக்கவில்லை. இட்லி மாவு ஒரு நாளைக்கு மேல் நிற்காததால் அடிக்கடி ஆட்ட வேண்டியிருந்தது. அந்த வேலை என் தலையிலேயே விழுந்தது. "சத்து சத்துன்னு நீங்க பேசுறீங்க, இடுப்பு ஒடியிறது எனக்கு" என்று ஒரு நாள் கத்திவிட்டேன். அதன் பிறகு கீரை ஆய்வதும் கம்பு புடைப்பதும் வீட்டில் எல்லாருக்கும் பங்கு. இட்லி ஞாயிற்றுக்கிழமை மட்டும். மகள் முதல் மாதம் கம்பங்கூழைக் கண்டாலே முகத்தைத் திருப்பினாள். கருப்பட்டி போட்ட கம்பு உருண்டையில்தான் வழிக்கு வந்தாள்.

ஆனியில் மறுபடி சோதித்தபோது 11.4. டாக்டர் கொடுத்த மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தவில்லை, பூச்சி மாத்திரையும் போட்டோம். அதனால் சாப்பாடு மட்டுமே செய்தது என்று சொல்ல மாட்டேன். இன்னும் ஏற வேண்டும்.

பழைய ஃபிரிட்ஜை விற்கவில்லை. கதவு ரப்பர் நன்றாக இருப்பதால் எலி நுழையாது. நன்றாகக் காய்ந்த விதைத் துவரையும் கம்பு விதையும் இப்போது அதற்குள்தான் இருக்கின்றன. நீங்களும் அப்படி வைத்தால் வெளியே ஒரு கொண்டி போட்டுப் பூட்டிவிடுங்கள். சின்னப் பிள்ளைகள் ஒளிந்து விளையாட உள்ளே போய்விட்டால் கதவு உள்ளிருந்து திறக்காது.