ஏழாம் நம்பர் பெட்

அன்புள்ள தங்கைக்கு,

நேற்று இரவு இரண்டரை மணிக்கு நீ அனுப்பிய கேள்வி: "மேடம், ஏழாம் பெட்டுக்கு ப்ரோகால்சிட்டோனின் 2.8 வந்திருக்கு. வென்டிலேட்டர் நிமோனியான்னு எடுத்துக்கிட்டு கொலிஸ்டின் போட்டுடவா?" தூக்கக் கலக்கத்தில் இரண்டு வரிதான் பதில் போட்டேன். வயிற்றைத் தொட்டுப் பார், லைன் போட்ட இடத்தைப் பார், சளியைக் கல்ச்சருக்கு அனுப்பு, பி.பி. இறங்கினால் மட்டும் எதற்கும் காத்திருக்காதே என்று. ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை உட்கார்ந்து எழுத இப்போதுதான் நேரம் வாய்த்தது.

ஏழாம் பெட்டுக்காரர் பைக் விபத்தில் வந்தவர். தலையில் அடி. ஆறு நாளாக வென்டிலேட்டர். தொடை எலும்புக்கு முந்தின நாள்தான் ஆபரேஷன் முடிந்திருக்கிறது. அந்த ஆபரேஷன் ஒன்றே போதும், ஒரு கிருமியும் இல்லாமல், ரத்தத்தில் தொற்றைக் காட்டும் என்று நாம் நம்பும் ப்ரோகால்சிட்டோனினை ஓரிரண்டு நாள் ஏற்றி வைக்க. பெரிய காயம், தீக்காயம், நின்று மீண்ட இதயம், பழுதான சிறுநீரகம் என்று அதை ஏற்றிவிடும் காரணங்கள் பல. ஐ.சி.யூ.வில் படுத்திருப்பவர்களில் இவை எதுவுமே இல்லாதவர் எத்தனை பேர்?

சி.ஆர்.பி. என்ற இன்னொரு டெஸ்ட்டின் கதையும் இதுதான். 1930ல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் நிறுவனத்தில் டில்லட், ஃபிரான்சிஸ் என்ற ஆய்வாளர்கள் அதைக் கண்டதே நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில்தான். நிமோகாக்கஸ் கிருமியின் 'சி' என்ற சர்க்கரைப் பொருளோடு சேர்ந்து அது படிந்ததால் அந்தப் பெயர். நிமோனியாவில் பிறந்த பரிசோதனை, நிமோனியாவைத் தனியாகப் பிரித்துக் காட்டத் தெரியாமல் போனது. உடம்பில் எங்கே அழற்சி வந்தாலும் கல்லீரல் அதைச் சுரந்துவிடுகிறது.

என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். நான் உன் வயதில் இருந்தபோது குடல் ஆபரேஷன் முடிந்த ஒருவர், ஐந்தாம் நாளாக வென்டிலேட்டரில் இருந்தார். காய்ச்சல். எக்ஸ்ரேயில் வலது கீழ்ப்பக்கம் வெள்ளையாகத் தெரிந்தது. ப்ரோகால்சிட்டோனின் இரட்டை இலக்கம். நுரையீரல்தான் என்று முடிவுகட்டி மருந்தை ஏற்றினேன். மறுநாள் சாயங்காலம் அவருக்கு டிரஸ்ஸிங் மாற்றிய சிஸ்டர், "டாக்டர், டிரெயின்ல வர்ற நிறம் சரியில்ல" என்று வந்து நின்றார். தையல் விட்டுக் குடல் கசிந்துகொண்டிருந்தது. எண் பொய் சொல்லவில்லை. உடம்பில் பெரிய தொற்று இருந்தது. எங்கே என்று அதற்குச் சொல்லத் தெரியாது. ட்யூப் தொண்டையில் இருந்ததால் என் கண் நெஞ்சைவிட்டு நகரவில்லை. ஒரு முழு நாள் போய்விட்டது. அந்த டிரெயின் பையின் நிறம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

எதிர்ப்பக்கமும் உண்டு. கிருமி நுரையீரலோடு நின்று ரத்தம்வரை பெரிதாக எட்டாதபோது, நிஜமான நிமோனியாவிலும் எண் குறைவாகவே இருக்கலாம். 0.3 என்று வந்ததை நம்பி, பச்சைச் சளியோடு ஆக்சிஜன் தேவை ஏறிக்கொண்டிருப்பவரை விட்டுவிடாதே. அமெரிக்க நிபுணர்கள் 2016ல் வெளியிட்ட வழிகாட்டியும் இதையே சொல்கிறது: வென்டிலேட்டர் நிமோனியாவுக்கு மருந்து தொடங்கலாமா என்பதை நோயாளியின் நிலையை வைத்து முடிவுசெய், ப்ரோகால்சிட்டோனினை அதில் சேர்க்காதே. எண் ஏறினால் மருந்தை ஏற்று என்ற வழியை டென்மார்க்கில் 1,200 ஐ.சி.யூ. நோயாளிகளிடம் முயன்று பார்த்தார்கள். 2011ல் முடிவு வந்தது. உயிர்கள் கூடுதலாகப் பிழைக்கவில்லை. ஆன்டிபயாடிக் செலவு கூடியது, ஐ.சி.யூ. நாட்கள் நீண்டன.

அப்படியானால் இந்த டெஸ்ட்டே வேண்டாமா என்று கேட்பாய். வேண்டும். மருந்தை எப்போது நிறுத்துவது என்று கேட்டால் அது நன்றாகப் பதில் சொல்லும். நெதர்லாந்தில் 1,500க்கு மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வு 2016ல் வெளியானது. உச்ச அளவிலிருந்து 80 சதவீதம் இறங்கினாலோ, 0.5க்குக் கீழே வந்தாலோ மருந்தை நிறுத்தலாம் என்று மருத்துவருக்கு யோசனை சொன்னார்கள். மருந்து நாட்களின் நடு அளவு ஏழிலிருந்து ஐந்தானது. இறப்பு கூடவில்லை, குறைந்தே இருந்தது. அதற்கு முன்பே, 2010ல், பிரான்சில் வந்த ஆய்விலும் மருந்து நாட்கள் குறைந்திருந்தன.

நம் ஊர் ஐ.சி.யூ.க்களில் இதன் அருமை உனக்கே தெரியும். அசினெட்டோபேக்டர் கிருமி மெரோபெனத்துக்கு அசையாமல் நிற்கிறது. கொலிஸ்டினைக் கையில் எடுத்தால் சிறுநீரகம் அடிபட்டுக் கிரியேட்டினின் ஏறுகிறது. தேவையில்லாமல் ஓடும் ஒவ்வொரு நாள் மருந்தும் அடுத்த பெட்டில் வரப்போகிறவருக்கு நாம் வைக்கும் கடன். எட்டாம் நாள் ஒருவர் தேறிவருகிறார், எண் சரிந்திருக்கிறது, ஆனாலும் "இன்னும் ரெண்டு நாள் ஓடட்டும்" என்று சொல்லத் தோன்றும். எனக்கும் தோன்றும். அந்த நேரத்தில்தான் ப்ரோகால்சிட்டோனின் ரிப்போர்ட்டைக் கையில் எடு.

ஒரே ஒரு எண்ணை மட்டும் பார்க்காதே. தூண்டுதல் நின்றால் ப்ரோகால்சிட்டோனின் ஏறக்குறைய ஒரு நாளில் பாதியாகும். முதல் நாள் ஒன்று, மூன்றாம் நாள் ஒன்று, பிறகு தேவைக்கேற்ப. சரிவு தெரியவில்லை என்றால் மருந்தை மாற்றுவதற்கு முன் இடத்தைத் தேடு: சீழ், லைன், வயிறு. தினமும் எழுதித் தள்ளாதே. அந்த டெஸ்டுக்கான பில்லை வெளியே கவுண்டரில் நின்று கட்டுவது பெரும்பாலும் யாரோ ஒருவருடைய மனைவி, கழுத்தில் இருந்ததை அடகு வைத்த கையோடு.

எண்ணைப் பார்க்கும் முன் சிஸ்டரிடம் பேசு. மணிக்கணக்காகச் சளி உறிஞ்சி எடுப்பவர் அவர்தான். நேற்று மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை போதுமாயிருந்த சக்ஷன் இன்று அரை மணிக்கு ஒருமுறை தேவைப்படுகிறதா, தண்ணீராக வந்தது கெட்டியாகி மஞ்சளாகிவிட்டதா, கதீட்டர் ட்யூபுக்குள் இறங்கும்போது சிக்குகிறதா? இதை எந்த லேபும் சொல்லாது. பிறகு வென்டிலேட்டர் திரையைப் பார்: முந்தாநாள் 40 சதவீத ஆக்சிஜனில் நிம்மதியாக இருந்தவருக்கு இன்று 60 வேண்டியிருக்கிறதா? படுத்தபடியே எடுத்த எக்ஸ்ரேயின் வெள்ளை நீராகவும் இருக்கலாம், சுருங்கிய நுரையீரலாகவும் இருக்கலாம். சளிக் கல்ச்சரில் வளரும் கிருமி ட்யூபில் சும்மா குடியிருப்பதாகவும் இருக்கலாம். இவை ஒவ்வொன்றும் அரைகுறைச் சாட்சிகள்தான். சேர்த்து வைத்துத்தான் தீர்ப்பு எழுத வேண்டியிருக்கிறது.

இன்று சாயங்காலம் ரவுண்ட்ஸ் முடிந்ததும் ஏழாம் பெட்டைப் பற்றி எனக்கு எழுது. முதலில் சளி, அடுத்து ஆக்சிஜன், பிறகு தொடைக் காயம், வயிறு, லைன். ப்ரோகால்சிட்டோனினைக் கடைசி வரியில் போடு.

அன்புடன்,
உன் மேடம்